சிப்பாய் ராணியாகும் விதி
'க்வீன் ஆஃப் கட்வே' படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

மீரா நாயர் இயக்கிய 'க்வீன் ஆஃப் கட்வே' (2016) படத்தில் ஒரு சிறு காட்சி. குளோரியா என்கிற பொடிசு, தன்னைவிட மூத்தவளான ஃபியோனாவுக்குச் செஸ் சொல்லித் தருகிறாள். சிப்பாய் கட்டம் கட்டமாக நகர்ந்து எதிர்க்கோடியைத் தொட்டால் ராணியாகிவிடும், சின்னது பெரிசாகிவிடும், அதனால்தான் இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும் என்கிறாள். படம் முழுவதையும் இந்தப் பேச்சுதான் தாங்கி நிற்கிறது. சேரியில் பிறந்த பெண் சதுரங்க ராணி ஆனாள், சிப்பாய் ராணியானது. உவமையும் பொருளும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறையில் இந்தப் படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் ஒரு தோழர், "சரிதான், டிஸ்னிக்காரன் ஏழைக்குக் கண்ணீர் விட்டுட்டான், கெளம்புவோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன் என்பதற்காக எங்கள் ஊரில் என்னை மேடையேற்றினார்கள். துண்டு போட்டார்கள். "இவனப் பாத்தாவது திருந்துங்கடா" என்று மைக்கில் சொன்னார்கள். கீழே தரையில் என்னோடு படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அதற்கு முன்பே செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போய் வரத் தொடங்கியிருந்தவர்கள். அன்றைக்கு ஒரே சமயத்தில் பெருமையாகவும் அசிங்கமாகவும் இருந்தது. முன்னேற்றக் கதை எதைக் கேட்டாலும் எனக்குள் இந்த இரண்டும் சேர்ந்தேதான் எழும்புகின்றன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

2

முதலில் விவரங்கள். கட்வே, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள சேரிப் பகுதி. தாழ்ந்த நிலம், பெருமழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். ஃபியோனா மூட்டேசி 1996 வாக்கில் பிறந்தவர். 'வாக்கில்' என்றுதான் சொல்ல முடிகிறது. பிறந்த தேதி உறுதியாகத் தெரியாது. சுமார் மூன்று வயதில் தகப்பனை எய்ட்ஸ் கொண்டுபோனது. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் பள்ளிக்கூடம் நின்றது. 2005இல் ஒருநாள் தன் சகோதரன் எங்கேயோ போய்வருவதைக் கவனித்துப் பின்னாலேயே போனார். அங்கே ஒரு பாழடைந்த தாழ்வாரத்தில் ராபர்ட் கட்டெண்டே என்பவர் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். லுகாண்டா மொழியில் அந்த விளையாட்டுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

2009இல் தெற்கு சூடானின் ஜூபாவில் நடந்த சிறுவர் போட்டியில் ஃபியோனாவும் இரண்டு பையன்களும் சேர்ந்த அணி வென்றது. 2010இல் ரஷ்யாவின் கான்டி மான்சிஸ்க்கில் நடந்த ஒலிம்பியாடில் உகாண்டாவுக்காக ஆடினார். 2012 இஸ்தான்புல் ஒலிம்பியாடுக்குப் பிறகு 'பெண்கள் கேண்டிடேட் மாஸ்டர்' பட்டம் கிடைத்தது. உகாண்டாவில் அப்படியொரு பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்களில் அவர் ஒருவர். அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் டிம் குரோதர்ஸ் 2011இல் இவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார், 2012இல் அது புத்தகமானது, 2016இல் படமானது.

இப்படி அடுக்கிச் சொல்லும்போதே கதைக்கு ஒரு வடிவம் வந்துவிடுகிறது பாருங்கள். தாழ்ந்த இடம், அசாதாரணமான ஒரு பிள்ளை, கைதூக்கிவிடும் ஆசான், வெளிநாட்டு மேடை, கடைசியில் சொந்த வீடு. முன்னேற்றக் கதையாடலின் இலக்கணம் இதுதான். இந்த இலக்கணத்தில் வறுமை என்பது வெறும் தொடக்க நிலை, ஆட்டத்தின் முதல் நகர்வுக்கு முன்னால் காய்கள் நிற்கிற இடம் மாதிரி. அதை யார் அங்கே வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. செஸ் இந்த மறைப்புக்கு ரொம்பவும் வசதியான விளையாட்டு. பலகையில் இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு காய்கள். அதே விதி, அதே கடிகாரம். தோற்றால் உன் தப்பு, ஜெயித்தால் உன் மூளை. கட்வேயில் பிறந்த பிள்ளையின் முன்னால் அப்படி ஒரு பலகையை வைத்து 'இங்கே எல்லாரும் சமம்' என்று சொல்வது ஒரே சமயத்தில் பெரிய விடுதலையாகவும் பெரிய ஏமாற்றாகவும் இருக்கிறது.

ஆனால் மீரா நாயர் இந்த இலக்கணத்துக்குள் முழுசாக அடங்கவில்லை. படத்தில் வரும் நெருக்கடிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். வாடகை கொடுக்காததற்காகக் குடும்பம் தெருவில் நிற்கிறது. வண்டி மோதி அடிபட்ட மகனைத் தாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பில் கட்டக் காசில்லாமல் அங்கிருந்து அவனை ரகசியமாக வெளியே கொண்டுவருகிறார்கள். படிப்புக்கு ஃபீஸ். போட்டியில் கலந்துகொள்ளக் கட்டணம். அதற்காகக் கட்டெண்டே பந்தயம் கட்டிக் கால்பந்து ஆடுகிறார். ஒவ்வொரு நெருக்கடிக்குப் பின்னாலும் ஒரு ரசீது இருக்கிறது. வறுமையை வெயிலும் புழுதியுமாகப் படம் பிடித்துப் பார்வையாளரின் நெஞ்சை இளக்குவது சுலபம். இங்கே வறுமை ஒரு கணக்காக வருகிறது: இன்ன தேதிக்குள் இவ்வளவு. ஏழைகளுக்கு இது தெரியும். படம் எடுப்பவர்களுக்குத் தெரிவதுதான் அபூர்வம்.

3

அந்தத் தாழ்வாரத்துக்குப் பிள்ளைகள் ஏன் போனார்கள்? கஞ்சிக்காக. ஒரு கோப்பை கஞ்சி கிடைக்கும் என்பதால் போனேன் என்று ஃபியோனாவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

'வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கஞ்சியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நோக்கம் என்பது ஏதோ மனசுக்குள் திடீரென்று எரியும் விளக்கு என்பது போல. பசித்தவனுக்கு நோக்கம் ஒன்றே ஒன்றுதான், அது அடுத்த வேளை. அந்த அடுத்த வேளை ஒரு நாளைக்காவது உறுதியாகும்போதுதான் மனம் அதற்கு அப்பால் போக இடம் கிடைக்கிறது. கட்டெண்டேக்கு இது தெரிந்திருந்தது, அவரும் அநாதையாக வளர்ந்தவர் என்பதால். அவர் வேலை பார்த்தது ஒரு கிறித்துவ விளையாட்டு ஊழிய அமைப்பில். அந்தக் கஞ்சியோடு பிரார்த்தனையும் வந்தது. குரோதர்ஸின் புத்தகம் இதை மறைக்கவில்லை. டிஸ்னியின் படத்தில் இது மெலிந்து போயிருக்கிறது. கஞ்சி ஊற்றுகிற கைக்கு ஒரு நம்பிக்கையும் ஒரு கணக்கும் எப்போதும் இருக்கும். அதைப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் கஞ்சியே ஊற்றாத கைகள் அதைப் பேசும்போது கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டாமா?

சரி, கஞ்சி குடித்த பிள்ளைகள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள்? இங்கேதான் செஸ் வருகிறது. ஃபியோனா எட்டு நகர்வுகள் முன்னாலேயே பார்க்கிறாள் என்று படத்தில் கட்டெண்டே வியக்கிறார். இதைத் திறமையின் அளவு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் தவறிவிடும். நாளைக்கு வீடு இருக்குமா என்று தெரியாத பிள்ளைக்கு, 'நான் இதைச் செய்தால் அவன் அதைச் செய்வான், அப்புறம் நான் இதை' என்று யோசிக்க ஒரு களம் கிடைக்கிறது. அவள் போட்ட திட்டம் அங்கே செல்லுபடியாகிறது. வீட்டுக்காரனோ வெள்ளமோ வந்து பலகையைக் கலைத்துவிடுவதில்லை. வறுமை சோற்றைப் பறிப்பதோடு நிற்பதில்லை. எதிர்காலம் என்ற காலத்தையே பறித்துவிடுகிறது. ஏழைகள் யோசிக்காமல் வாழ்கிறார்கள் என்று ஏசுகிறவர்களுக்கு, யோசித்துப் போட்ட கணக்கு ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து கலைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. அந்தத் தாழ்வாரத்தில் ஃபியோனாவுக்குத் திரும்பக் கிடைத்தது எதிர்காலத்தை நினைக்கிற பழக்கம். நோக்கம் என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான். இதற்குக் கோப்பை தேவையில்லை. கைதட்டலும் தேவையில்லை.

4

படத்தின் உண்மையான விமர்சகர் படத்துக்குள்ளேயே இருக்கிறார். தாய் நக்கு ஹாரியட். லுப்பிட்டா நியோங்கோ நடித்திருக்கிறார். செஸ் என்றால் ஏதோ சூதாட்டம் என்று முதலில் பயப்படுகிறார். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்குக் கீழே வேறொரு பயம் இருக்கிறது: என் பிள்ளையை இவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் பிறகு கீழே போட்டால் அவளை யார் தாங்குவது?

அந்தப் பயம் பொய்யாகவில்லை. ரஷ்யாவில் தோற்றுவிட்டுத் திரும்பும் ஃபியோனாவுக்கு வீடு சின்னதாகத் தெரிகிறது. தண்ணீர் தூக்கவும் சோளம் விற்கவும் உடம்பு மறுக்கிறது. அவள் எங்கேயும் சேராதவளாகிவிடுகிறாள். முன்னேற்றக் கதைகள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது. மேலே ஏறுகிறவள் கீழே இருப்பவர்களைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. அவளுக்கே அது பிடிப்பதில்லை. கல்லூரிக்குப் போய்விட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த முதல் தலைமுறைக்காரர் எவருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காட்சி. மகள் ராத்திரியில் படிக்க வேண்டும், விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. தாய், தான் பத்திரமாக வைத்திருந்த துணியை விற்கிறாள். மண்ணெண்ணெய் வருகிறது. பெரிய இசை எதுவும் இல்லாமல் இது நடக்கிறது. சிப்பாய் தானாகக் கட்டம் கட்டமாக நகர்வதாகக் குளோரியா சொன்னாளே, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருத்தி எதையாவது விற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ராணியாகும் விதி கிடையாது. கதையின் தலைப்பிலும் அவள் இல்லை. ஆனால் படம் முடிந்து நமக்குள் மிஞ்சி நிற்பது அவள் முகம்தான். பெண்ணின் உழைப்பு பின்னணியாகவே இருந்துவிட வேண்டும் என்று கதையாடல் விரும்புகிறது. கேமரா அதற்கு ஒத்துழைக்க மறுத்திருக்கிறது.

5

அங்கீகாரத்துக்கு வருவோம். வசதியான பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் போட்டி நடக்கிறது. எதிரே உட்கார்ந்த பையன், கட்வே பிள்ளையோடு கை குலுக்கிவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொள்கிறான். இதைப் பார்க்கும்போது நமக்கு யாரும் ஆப்பிரிக்கா பற்றிய வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்தப் பையனை ஃபியோனாக்கள் ஆட்டத்தில் தோற்கடிக்கிறார்கள். தியேட்டரில் கைதட்டல். என் கையும் தட்டியது, மறைக்கவில்லை. இந்தச் சந்தோஷத்தைச் சித்தாந்தத்தின் பெயரால் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தச் சித்தாந்தத்தில்தான் கோளாறு. தோற்றவனின் முகத்தை நேராகப் பார்க்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு.

கேள்வி அதற்கு அடுத்தது. அந்தக் கை குலுக்கலை உறுதிப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? குரோதர்ஸ் புத்தகத்தின் துணைத்தலைப்பு, கிராண்ட்மாஸ்டர் ஆகும் கனவைப் பற்றிப் பேசுகிறது. ஃபியோனா பெற்ற பட்டமோ உலக செஸ் கூட்டமைப்பு பெண்களுக்குத் தரும் பட்டங்களிலேயே முதல் படி. அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. 2017இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் படிக்கப் போனார். அது தோல்வியா? கட்வேயிலிருந்து புறப்பட்ட ஒரு பெண் தனக்கென்று ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்ததைத் தோல்வி என்று சொல்ல வைப்பது, புத்தகத்தை விற்பதற்காக வைத்த அந்தத் துணைத்தலைப்புதான். கதைக்கு ஒரு உச்சி தேவைப்பட்டது. வாழ்க்கைக்கு அது தேவைப்படவில்லை. சந்தையின் கணக்கையும் சொல்லிவிடலாம்: சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 1 கோடி டாலர்தான்.

படத்தின் கடைசியில் நடிகர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் நடித்த நிஜ மனிதருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். நியோங்கோவுக்குப் பக்கத்தில் நிஜ ஹாரியட். இது நிஜம் என்று சாட்சி சொல்ல வைக்கும் உத்திதான். ஆனாலும் அந்த முகங்கள் உத்தியைக் கடந்துபோகின்றன. அங்கீகாரத்துக்கு அப்பால் இருக்கிற, நடிப்பில் அடங்காத ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது.

இதே இயக்குநரின் 'சலாம் பாம்பே' (1988) நினைவுக்கு வருகிறது. அதில் தெருப்பையன் கிருஷ்ணா கடைசியில் பம்பரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்து அழுகிறான். ஏணி இல்லை, ஆசான் இல்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஷஃபீக் சையத் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது பெற்றார். பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். கட்வே படத்தில் சிப்பாய் பற்றிப் பேசிய குளோரியாவாக நடித்த நிகிதா பேர்ல் வாலிக்வா, மூளைக் கட்டியால் 2020 பிப்ரவரியில் 15 வயதில் இறந்தார். இவற்றைச் சொல்வது கண்ணீருக்காக அல்ல. எதிர்க்கோடிக்குப் போனால் ராணி என்கிற விதி பலகைக்கு உள்ளே மட்டும்தான் செல்லும் என்பதற்காக.

6

பலகைக்குள்ளேயும் அந்த விதி எல்லாக் காலத்துக்கும் பொதுவானதில்லை. நம் துணைக்கண்டத்தில் பழைய முறையில் ஆடியவர்களுக்கு ராணி என்கிற காயே கிடையாது, அது மந்திரி. சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டும் சலுகை இல்லை. எதிர்க்கோடியைத் தொட்டாலும் எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறலாம். குதிரைக் கட்டத்தில் போய்ச் சேர்ந்தால் குதிரை. வட்டாரத்துக்கு வட்டாரம் சின்ன மாற்றங்கள் உண்டு. உயரலாம், ஆனால் நீ எங்கே கொண்டுபோய் விடப்பட்டாயோ அதற்குத் தக்கபடி உயரலாம்!

இந்த முறையில் ஆட்டம் கற்று, வளர்ந்த பிறகு ஐரோப்பிய விதிகளைப் பழகிக்கொண்டவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். பெரும் நிலவுடைமையாளரான சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் லண்டன் போனார். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவைத் தோற்கடித்தார். மூன்று ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். ஆதரவாளர் ஊர் திரும்பியபோது இவரும் திரும்பினார். உலக அரங்கில் அதோடு ஆட்டம் முடிந்தது. 1950இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் உருவானபோது அவர் உயிரோடு இருந்தார், தரவில்லை. 1966இல் இறந்தார். 2024இல், இறந்து 58 ஆண்டுகள் கழித்து, கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தார்கள்.

அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். சர் உமர் வீட்டு விருந்துக்கு அமெரிக்க அணி போனதாம். அங்கே தங்களுக்குப் பரிமாறியவர் சுல்தான் கானாம். எங்களைப் போன்றவர்கள் இந்தச் சம்பவத்தைப் படித்தால் உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவோம். காலனியம், நிலப்பிரபுத்துவம் எல்லாம் ஒரே மேசையில்! ஆனால் அவர் வேலைக்காரராக இருந்தார், எழுத்தறிவில்லாதவர் என்ற சித்திரத்தை அவருடைய குடும்பத்தார் வெளிப்படையாக மறுத்திருக்கிறார்கள். இந்த மறுப்பைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. முன்னேற்றக் கதைக்காரர்கள் உச்சியை ருசிக்கிறார்கள் என்று குற்றம் சொன்னோம். நாம் வீழ்ச்சியை ருசிக்கவில்லையா? அவர்களுக்கு ராணியான சிப்பாய் வேண்டும். நமக்கு வெட்டுப்பட்ட சிப்பாய் வேண்டும். இரண்டு கதையிலும் அந்த மனிதர் காய்தான். நகர்த்தும் கை மட்டும் மாறியிருக்கிறது.

7

நோக்கமும் அங்கீகாரமும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படும் சொற்கள். இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அங்கீகாரம் எப்போதும் இன்னொருவர் கையில் இருக்கிறது. கை குலுக்கிவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். 58 வருஷம் தாமதமாகத் தரலாம். படம் எடுத்து லாபம் வரவில்லை என்று மறந்துவிடலாம். அதற்காக அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுப் போராடுவது நியாயம். மறுக்கப்படாதவர்கள் 'அதெல்லாம் எதற்கு' என்று தத்துவம் பேசுவதுதான் ஆபாசம். ஆனால் தாழ்வாரத்தில் ஃபியோனாவுக்குக் கிடைத்தது அதற்கு முந்தையது: அடுத்த நகர்வை நானே யோசிக்கலாம் என்கிற தைரியம். அதை யாரும் பட்டமாகத் தர முடியாது, திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது.

அந்தத் தாழ்வாரத்தில் ஃபியோனா மட்டும் இல்லை. கஞ்சிக் கோப்பையோடு சுற்றி உட்கார்ந்து, அதே காய்களைத் தொட்டு, அதே போல யோசிக்கக் கற்றுக்கொண்டு, எந்த ஒலிம்பியாடுக்கும் போகாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் பிறகு சோளம் விற்றிருக்கலாம், வண்டி ஓட்டியிருக்கலாம். அவர்களுக்கு அந்த ஆட்டம் என்ன தந்தது என்று கேட்கிற ஒரு பிரதி நம்மிடம் இல்லை. முன்னேற்றக் கதையாடலால் அதை எழுத முடியாது. அவர்கள் எதிர்க்கோடிக்குப் போகவில்லை. அதைக் கிண்டல் செய்கிற நம்முடைய எழுத்தாலும் இதுவரை முடியவில்லை. அவர்கள் வெட்டுப்படவும் இல்லை, வெறுமனே வாழ்ந்தார்கள்.

அன்றைக்கு மேடையிலிருந்து பார்த்தபோது கீழே உட்கார்ந்திருந்த என் வகுப்புப் பையன்களில் ஒருத்தன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். மைக்கில் அவன் பேரை யாரும் சொல்லவில்லை. இவ்வளவு எழுதிய பிறகும் நானும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கிறேன். அடுத்ததாக எழுத வேண்டியது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.